நாற்பத்தொன்பதாவது மணி நேரம்

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. சென்னையின் தெற்குப் புறநகரான எங்கள் முடிச்சூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் வருகிற ஊர்தான். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், கையில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்காமல், ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று ஆரம்பித்த திட்டம் அது. விபத்துச் சாவைக் குறைக்க வேண்டுமானால் பணத்தைப் போட வேண்டிய இடம் அந்த முதல் இரண்டு நாள்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் தலையில் அடிபட்டு, ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல், தன் காலாலேயே நடந்து வீடு திரும்புகிறவரின் பாடு பெரும்பாலும் நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது அவரை யாரும் பின்தொடர்வதில்லை. அதற்குப் புதிய மருத்துவமனையும் வேண்டாம், புதிய இயந்திரமும் வேண்டாம். இருக்கிற ஊழியர்களையும் ஏற்கெனவே தெரிந்த மருத்துவத்தையும் ஒரு தாளும் ஒரு தொலைபேசி அழைப்பும் இணைத்துவிடும் என்பதுதான் என் வாதம்.

முடிச்சூரை வைத்துப் பேசக் காரணம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது 2015 வெள்ளத்தில் படகு ஓடிய ஊர். உள்ளூர்க்காரர்களுக்கு இன்று இது நாலா பக்கமும் சாலை வந்து சேரும் இடம். தாம்பரம் மேற்கிலிருந்து வருகிற முடிச்சூர் சாலை, வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை இங்கேதான் தொடுகிறது. ஆம்னி பஸ்கள் நிற்க இடம் கட்டியிருப்பதும் இங்கேதான். 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்திலேயே. காலை ஷிப்டுக்கு ஒரகடமும் மறைமலைநகரும் போகிற பைக், பிள்ளைகளை ஏற்றிய ஸ்கூட்டர், தண்ணீர் லாரி, கம்பெனி பஸ் எல்லாம் ஒரே தாரில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகின்றன. 2022-ல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். செத்தவர்களை எண்ண அமைச்சகம் இருக்கிறது. ஆனால் வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டு, பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த பெண் மல்லாந்து விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு, ஒரு நிமிடம் நினைவில்லாமல் கிடந்துவிட்டு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறினால், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியவரும் அப்படித்தான். ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லி ஓ.பி. சீட்டு வாங்குகிற பெண்களில் சிலரைச் சுவரில் மோதியது கணவனின் கை. அது தெரிந்தும் பேசாமல் சீட்டில் மாத்திரை எழுதுகிற வழக்கம் வேறு இருக்கிறது.

மருத்துவக் கணக்கு இப்படி. கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜெனட் என்ற இருவர் 1974-ல் வகுத்த நினைவு மதிப்பெண்ணில் 15-க்கு 13 அல்லது அதற்கு மேல். நினைவிழந்தது அரை மணிக்குள். விபத்தை ஒட்டிய மறதி 24 மணி நேரத்துக்குள். இந்த எல்லைக்குள் இருந்தால் அது லேசான மூளைக்காயம். தலைக்காயத்தோடு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர், ஒன்பது பேர் இந்த வகைதான். சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கட்டையும் எலும்பு முறிவையும். இந்த வகையில் நடக்கிற சேதம் அதன் கண்ணுக்குச் சிக்காது. ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-லேயே மூளை வடிவத்தில் ஜெலட்டின் வார்த்து, மண்டை நேராக இடிபடுவதைவிட வெடுக்கென்று திருகப்படும்போதுதான் உள்ளே இழுபறி அதிகம் என்று காட்டினார். அந்த இழுப்பில் நரம்பிழைகள் அறுந்துபோக வேண்டும் என்றில்லை, நீண்டு கொடுத்தாலே போதும். உப்புச் சத்துகள் இடம் மாறுகின்றன. அவற்றைப் பழையபடி இறைத்து வைக்க நரம்பணுவுக்குக் கூடுதல் சர்க்கரை வேண்டும். அதே நேரத்தில் அங்கே ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். கலிபோர்னியாவின் கீஸா, ஹோவ்டா ஆகியோர் 2001-ல் இந்தத் தொடர் நிகழ்வைக் கோர்வையாக எழுதினார்கள். மாலை வேளையில் மின்னழுத்தம் குறைந்த புறநகர் வீட்டில் விளக்கும் மின்விசிறியும் ஓடும். மோட்டாரைப் போட்டால்தான் எல்லாம் மங்கும். அடிபட்ட மூளை சில வாரங்கள் அந்த நிலையில் இருக்கிறது. ஹெல்மெட் மண்டை பிளப்பதைத் தடுக்கும், இந்தத் திருகலை முழுதாகத் தடுக்காது. அதற்காக ஹெல்மெட் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்: 2022-ல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். 2015 ஜூலை 1 முதல் பின்சீட்டுக்காரருக்கும் அது கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டும், முடிச்சூர் சாலையில் பின்சீட்டுத் தலைகள் வெறுந்தலைகளாகவே போகின்றன.

வீட்டில் இது எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. அதுதான் சிக்கல். மிக்ஸி ஓடினால் எரிச்சல், தாளிக்கிற நெடியில் குமட்டல், குக்கர் மூன்று விசில் அடித்ததா நான்கா என்று நினைவில் நிற்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பது, கடையில் மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணுவது, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கும்போது எழுத்து மிதப்பது, சாயங்காலம் ஆறு மணிக்கே ஆள் அடித்துப்போட்டது போல் படுத்துவிடுவது. கட்டு இல்லை, வீக்கம் இல்லை, ஸ்கேனும் நார்மல். ‘அதான் ஒண்ணுமில்லேன்னுட்டாங்களே’ என்று வீட்டார் சொல்லத் தொடங்கும்போது, அடிபட்டவர் தன்னையே சந்தேகிக்கிறார். நம் சினிமா இதைப் பக்கத்தில் வந்து தொட்டிருக்கிறது. 2012-ல் பாலாஜி தரணீதரன் எடுத்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’, ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாருக்கு உண்மையில் நடந்ததை வைத்து உருவான படம்: கிரிக்கெட் ஆடும்போது தலையில் அடி, கல்யாணத்துக்கு முன் நினைவில் ஒரு துண்டு காணாமல் போகிறது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதை இவ்வளவு சரியாகக் காட்டிய படம் இன்னொன்று எனக்குத் தெரியாது. நாள்கணக்கில் நீளும் அப்படிப்பட்ட மறதி ‘லேசான’ பட்டியலைத் தாண்டியது என்பது வேறு விஷயம். ஆனால் நினைவு திரும்பியதும் படம் முடிகிறது, நாமும் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறோம். நினைவு திரும்பினால் ஆள் தேறிவிட்டார் என்பது திரைக்கதைக்குச் சரி, மருத்துவத்துக்குச் சரியில்லை.

எத்தனை பேர் முழுதாகத் தேறுகிறார்கள்? பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தானே சரியாகிவிடுவார்கள் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லி வந்தது. அமெரிக்காவின் பெரிய விபத்து சிகிச்சை மையங்களுக்கு லேசான மூளைக்காயத்தோடு வந்த 1,154 பேரைத் தொடர்ந்து பார்த்த ‘ட்ராக்-டிபிஐ’ ஆய்வு 2019-ல் அந்த நம்பிக்கையை அசைத்தது. ஓராண்டு முடிவில் 53 சதவீதம் பேர் அன்றாட வாழ்க்கையில் ஏதோ ஒரு குறை மிச்சமிருப்பதாகச் சொன்னார்கள். இந்த எண்ணை மட்டும் உருவித் தலைப்பாக்குவது நியாயமில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட, தலையில் அடிபடாமல் கை கால் முறிந்தவர்களிலும் 38 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். அதாவது விபத்து என்ற அனுபவமே, வலியும் பயமும் வேலையிழப்பும் சேர்ந்து, ஒரு பங்கை விளக்குகிறது. மீதி 15 புள்ளி தலைக்காயத்தின் பங்கு. பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதால் அடியும் சற்றுப் பலமாக இருந்திருக்கும். இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும், ‘தானே சரியாகும், போங்கள்’ என்று சொல்லி அனுப்புவதை நியாயப்படுத்தும் அளவுக்கு அந்த எண் சிறியதாக இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? முதலில், நாம் செய்துகொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். தலையில் அடி என்றதும் நம் வீடுகளில் இரண்டு வைத்தியம் நடக்கும். முதல் ராத்திரி தூங்கவே விடாமல் உலுக்கிக்கொண்டிருப்பது. அப்புறம் ஒரு மாதம் இருட்டறையில் படுக்கவைத்து, எழுந்தால் அதட்டுவது. தூக்கம் மூளைக்கு வேண்டும். ஸ்கேன் சரியாக இருந்து மருத்துவரும் அனுப்பிவிட்ட பிறகு, நடுவில் எழுப்பிப் பெயர் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும். படுக்கையைப் பொறுத்தவரை சான்று தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 11 முதல் 22 வயதுவரை உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வும், மற்றதற்கு 1-2 நாள் ஓய்வுக்குப் பிறகு படிப்படியான நடமாட்டமும் கொடுத்தார்கள். 2015-ல் வந்த முடிவில், அதிகம் படுத்திருந்தவர்களே அதிகத் தொந்தரவு சொன்னார்கள். பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெடி குழு 2019-ல் இன்னும் ஒரு படி போனது: அடிபட்ட வளரிளம் வயதினருக்கு முதல் பத்து நாளுக்குள்ளேயே, தொந்தரவு கூடாத அளவில் மூச்சு வாங்கும் பயிற்சி கொடுத்தது. அவர்கள் 13 நாளில் தேறினார்கள். வெறுமனே உடம்பை நீட்டி மடக்கியவர்களுக்கு 17 நாள் ஆயிற்று. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுத் தலைக்காய மாநாடு இதையெல்லாம் சேர்த்து விதி வகுத்தது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, செல்போன் திரையைக் குறைப்பது. அதன் பிறகு நடை. தலைவலியோ கிறுகிறுப்போ பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடுகிற அளவுக்கு நடக்கலாம், அடுத்த நாள் கொஞ்சம் கூட்டலாம். ஓய்வுக்கும் கெடு அதே 48 மணி நேரம்தான் என்பதைக் கவனியுங்கள். கிரிக்கெட்காரர்களுக்கு இதெல்லாம் நடைமுறை. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டதும் அவருக்குப் பதிலாக சஹல் இறங்கியது, நம் சேலத்து நடராஜனின் முதல் டி20 ஆட்டமும் அதுவே என்பதால், பலருக்கு நினைவிருக்கும். ஒரகடத்தில் பிரஸ் மெஷின் முன் நிற்கிறவருக்கு மாற்று ஆட்டக்காரர் விதி கிடையாது.

சிலருக்கு நடை மட்டும் போதாது. இங்கேதான் பிசியோதெரபி வருகிறது. இந்தக் காயத்தின் தொந்தரவுகளில் பல மூளையிலிருந்தே வருவதில்லை. தலை திருகும்போது கழுத்தும் திருகுகிறது. கழுத்து மூட்டின் வலி மண்டைக்கு ஏறித் தலைவலியாகத் தெரியும். உள்காதில் சமநிலையைக் காக்கும் அறையிலிருந்து சுண்ணாம்புத் துகள்கள் பிரிந்து, பக்கத்து வளைகுழாய்க்குள் விழுந்துவிடும். அப்புறம் படுக்கையில் புரண்டாலே அறை சுற்றும். மெடிக்கல் ஷாப்பில் இதற்கு மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விற்கிறது. செய்ய வேண்டியது வேறு. நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்துத் தலையைத் தொந்தரவுள்ள பக்கம் பாதித் திருப்பி, மளமளவென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலை கட்டில் விளிம்பைத் தாண்டிச் சற்றுத் தொங்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். கண் துடிக்கும், ஆள் பயந்து கையைப் பற்றுவார். அரை நிமிடத்தில் அடங்கும். பிறகு தலையை மறுபக்கம் திருப்பிக் காத்திருந்து, உடம்பையும் அந்தப் பக்கம் புரட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்து, மெல்ல எழுப்பி உட்காரவைப்பது. துகள் வந்த வழியே திரும்பிவிடுகிறது. ஜான் எப்லி 1992-ல் விவரித்த முறை. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கழுத்தில் முறிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பழகியவர் கையால்தான் செய்ய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கண்கள் இரண்டும் ஒருமுகமாகக் குவியாமல் எழுத்து மிதந்தால் அதற்கும் பயிற்சி உண்டு. கனடாவின் கால்கரியில் கேத்ரின் ஷ்னைடர் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தொந்தரவு நீடித்தவர்களுக்குக் கழுத்தையும் உள்காதையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தபோது எட்டு வாரத்தில் 73 சதவீதம் பேர் விளையாட்டுக்குத் திரும்பத் தகுதி பெற்றார்கள். வழக்கமான கவனிப்பில் 7 சதவீதம். வெறும் 31 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. ஆனால் வித்தியாசம் சின்னது இல்லை.

நாம் காசைக் கொட்டுவது இதில் எதிலும் இல்லை, சீட்டில் எழுதும் ‘நரம்பு மாத்திரை’யில். சிட்டிகோலின் இந்த ஊர் மருந்துச் சீட்டுகளின் நிரந்தர விருந்தாளி. அதை 1,213 தலைக்காய நோயாளிகளிடம் 90 நாள் கொடுத்துப் பார்த்த ‘கோப்ரிட்’ ஆய்வு 2012-ல் வந்தது: வெற்று மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதும் வலிப்பு மாத்திரையின் கதையும் அதேதான். பலத்த தலைக்காயத்தில் ஃபெனிடோயின் முதல் ஒரு வாரம் வலிப்பைத் தடுக்கிறது, அதற்குப் பிறகு பலனில்லை என்று 1990-லேயே தெம்கின் குழு காட்டிவிட்டது. ஸ்கேன் சரியாக உள்ள லேசான காயத்தில், வலிப்பே வராதவர் அதை மாதக்கணக்கில் விழுங்கினால், மருந்து தருகிற மந்தமும் தள்ளாட்டமும் காயத்தின் கணக்கில் எழுதப்படும். (சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது, எழுதியவரிடமே கேட்கவும்.) தலைவலி மாத்திரையை மாதத்தில் பாதி நாள் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்பதையும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

சொல்லி அனுப்புவதுதான் இங்கே சிகிச்சை. மெல்போர்னில் ஜென்னி போன்ஸ்ஃபோர்டு 202 பேரை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வை நம் சுகாதாரத் துறை படித்தே ஆக வேண்டும். ஒரு பிரிவினரை விபத்து நடந்த வாரத்திலேயே பார்த்து, என்னென்ன தொந்தரவு வரும், எவ்வளவு நாளில் போகும், எப்படிச் சமாளிப்பது என்று ஒரு சிறு கையேடு கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்துக் கையேடு வாங்கியவர்களுக்குத் தொந்தரவும் குறைவு, மன உளைச்சலும் குறைவு. ஆக்ஸ்ஃபோர்டில் டெரிக் வேடு குழு, அடிபட்டவர்களைப் பத்து நாளுக்குள் தேடிப் பிடித்து ஆலோசனை சொன்னது. 1998-ல் வந்த முடிவில் ஆறு மாதத்தில் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை மற்றவர்களைவிடத் தேவலாம் என்று தெரிந்தது. முந்தைய ஆண்டு அதே குழு, அடிபட்டு வந்த எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது ஒட்டுமொத்தப் பலன் தெரியவில்லை. மறதி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டவர்களிடமும் உள்நோயாளியாக இருந்தவர்களிடமும்தான் தெரிந்தது. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. எல்லோருக்கும் தாள், சிலருக்குத்தான் ஆள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இன்னின்ன தொந்தரவு வரும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால், இல்லாத தலைவலியையும் வரவழைத்துக்கொள்ள மாட்டார்களா? அர்த்தமுள்ள கேள்விதான், எதிர்பார்ப்பே தொந்தரவை வளர்க்கும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. ஆனால் அதே காரணத்தால்தான் தாளின் முதல் வரி ‘இது பெரும்பாலும் சரியாகிவிடும்’ என்று இருக்க வேண்டும். பயத்தைக் கிளப்புவது பட்டியல் இல்லை, காரணம் தெரியாத தொந்தரவு. நார்மல் என்றார்களே, அப்புறம் ஏன் பிள்ளையின் பெயர் வாயில் வரவில்லை என்று ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூபைத் தோண்டுகிறவர் கடைசியில் மூளைக்கட்டி வீடியோவில் போய் நிற்பார்.

அடுத்த ஆட்சேபம் கோர்ட்டு வளாகத்தில் கேட்பது: எல்லாம் க்ளெயிம் கேஸுக்காக நடிப்பு. இதற்கும் ஆதாரம் காட்டுவார்கள். இழப்பீட்டு எதிர்பார்ப்பு அவ்வளவாக இல்லாத லித்துவேனியாவில் மூளை அதிர்ச்சி கண்டவர்களையும், தலையல்லாத இடத்தில் சிறு காயம் பட்டவர்களையும் நாள் கடந்து ஒப்பிட்டபோது, தலைவலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. இதை நான் ஒதுக்கிவிடவில்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது, தேறிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதே நஷ்டம் என்ற நிலையில் ஆளை வைத்திருக்கிறோம். அவர் உடம்பும் அதற்கு ஏற்பப் பழகும். ஆனால் இதன் முடிவு என்ன? தொந்தரவைச் சந்தேகித்து விரட்டுவதா, முதல் மாதத்திலேயே பரிசோதித்து எழுதி வைப்பதா? உள்காதுத் தலைசுற்றலில் கண் துடிப்பதை யாராலும் நடிக்க முடியாது. இரண்டாம் வாரமே ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்துக் குறித்து வைத்தால், உண்மையானவருக்கு அது சான்று, பொய்யனுக்கு அது இடைஞ்சல். பின்தொடர்தல் இல்லாத இடத்தில்தான் நடிப்புக்கு இடம் கிடைக்கிறது. வழக்கே போடாத இல்லத்தரசிகளும், குளியலறையில் விழுந்த பெரியவர்களும் யாரிடம் காசு கேட்டு நடிக்கிறார்கள் என்பதையும் இந்த ஆட்சேபக்காரர்கள் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. படிப்படியாக வேலைக்குத் திரும்புவது சம்பளத்தோடு லீவு உள்ளவனுக்கு. தினக்கூலிக்கு எங்கே போவது? இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. பாதிப் பதில் உண்டு. தெற்குப் புறநகர்த் தொழிற்சாலைகளில் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. அதைவிட முக்கியமானது 2010-ல் வந்த திருத்தம்: வேலைக்குப் போகிற, வருகிற வழியில் நடந்த விபத்தும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் பணிக்காயமாகவே கொள்ளப்படும், தற்காலிக ஊன உதவி 90 சதவீதம். ஷிப்டுக்குப் போகும்போது வெளிவட்டச் சாலையில் விழுந்தவருக்கு இது பொருந்தும். ஆனால் சான்றிதழில் மருத்துவர் எத்தனை நாள் எழுதுகிறாரோ அவ்வளவுதான் உதவி; ஸ்கேன் நார்மல் என்றால் எழுதும் நாளும் சுருங்கும். அட்டை இல்லாத கொத்தனாருக்கும் டெலிவரி பையனுக்கும் இதுவும் இல்லை. அவர்களுக்குத் தாளில் ஒரு வரியாவது வேண்டும்: கிறுகிறுப்பு போகும்வரை சாரத்தில் ஏறாதே, வண்டி ஓட்டாதே. இரண்டாவது அடி முதல் அடியைவிட மோசம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், ஓ.பி. வரிசை ஆஸ்பத்திரி வாசல்வரை நீளும் இடத்தில் நடக்காது என்பவர்களுக்கு: அங்கேயும் நடக்கவில்லை. ‘ட்ராக்-டிபிஐ’ குழு 2018-ல் எண்ணிப் பார்த்தபோது, வீடு திரும்பும்போது தகவல் தாள் கையில் வாங்கியவர்கள் 42 சதவீதம். மூன்று மாதத்துக்குள் யாராவது ஒரு மருத்துவரைப் பார்த்தவர்கள் 44 சதவீதம். பணக்கார நாடு பாதி வழியில் நிற்கிற இந்த வேலையில் தமிழ்நாடு முந்திவிட முடியும். காரணம், அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை மட்டுமல்ல, பிசியோதெரபிஸ்டையும் அனுப்புகிறது. பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் நீட்டிவிட வருகிற அதே ஆள், கழுத்தையும் உள்காதையும் சோதிக்கச் சில நாள் பயிற்சியில் கற்றுக்கொள்வார். அதற்கும் அடங்காத சிலருக்குக் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. குறை ஒன்றுதான்: விபத்துப் பிரிவின் டிஸ்சார்ஜ் தாள் இந்த ஊழியரின் பட்டியலைச் சென்று சேர வழி போடவில்லை.

எனவே யோசனை இவ்வளவுதான். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலிருந்தும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தும் தலைக்காயத்தோடு வீடு திரும்பும் எல்லோர் கையிலும் தமிழில் ஒரு தாள். மேலே, உடனே திரும்பி வர வேண்டிய அடையாளங்கள் பெரிய எழுத்தில்: திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வு, எழுப்பினால் எழாத மயக்கம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற முதியவர் என்றால் சந்தேகம் வந்தாலே போதும். கீழே, முதல் இரண்டு நாள் ஓய்வு, மூன்றாம் நாள் தெருமுனைவரை நடை, வேலைக்கு எப்போது, வண்டி எப்போது. தாளின் நகலில் ஒரு தொலைபேசி எண். மறதி ஒரு மணி நேரத்தைத் தாண்டியவர், உள்நோயாளியாக இருந்தவர், முன்பே மனச்சோர்வோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவர் என்றால் அதில் ஒரு குறி. பத்தாம் நாள் அந்தக் குறியுள்ளவர்களுக்கு ஓர் அழைப்பு; தொந்தரவு தொடர்ந்தால் முடிச்சூர், பெருங்களத்தூர், மண்ணிவாக்கம் பக்கம் சுற்றுகிற பிசியோதெரபிஸ்டின் பட்டியலில் பெயர் ஏறும். தனியாகப் பேச இடம் கொடுத்து ‘யாராவது அடிச்சாங்களா அம்மா’ என்று கேட்கவும் அந்த அழைப்புக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். ஒவ்வொருவரிடமும் மூன்றாம் மாத முடிவில் ஒரே கேள்வி: பழைய வேலைக்கு, வீட்டு வேலையும் சேர்த்துத்தான், முழுதாகத் திரும்பியாயிற்றா? தாள் இல்லாமல் வீட்டுக்குப் போன முந்தைய ஆறு மாதத்துக்காரர்களையும் அழைத்து அதையே கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாநிலம் முழுக்க இதை விரிக்கலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.